4கே படத்துக்கு 4ஜி ரவுட்டரா, ஸ்டார்லிங்கா?

முல்லைத்தீவின் துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் பெரிய தொலைக்காட்சி வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது: எச்டியைவிடத் துல்லியமான 4கே படம் பார்க்க, கைத்தொலைபேசிக் கோபுரத்திலிருந்து இணையம் எடுக்கும் 4ஜி ரவுட்டரா, செய்மதியிலிருந்து எடுக்கும் ஸ்டார்லிங்கா?

வேகம்: 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பது விநாடிக்கு 15 மெகாபிட், முழு எச்டிக்கு 5 போதும். 4ஜியில் பகலில் சிக்கல் குறைவு. இரவு எட்டு மணிக்கு ஊரே ஒரு கோபுரத்தைப் பங்குபோடும்போது படம் மங்கிவிடும். கூரையில் வெளி அன்டெனா பூட்டிக் கோபுரத்தை நோக்கித் திருப்புங்கள். சிக்னல் தேறும், நெரிசல் தீராது. 2025இல் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்குக்குக் கோபுரம் வேண்டாம், மறைப்பில்லாத வானம் வேண்டும். தென்னஞ்சோலைக்குள் வீடென்றால் யோசியுங்கள்.

டேட்டா: 4கே மணிக்கு ஏறக்குறைய 7 ஜிபி விழுங்கும். நாளுக்கு இரண்டு மணிநேரம் பார்த்தால் மாதம் 420 ஜிபி. வரம்புள்ள 4ஜி பொதி தாங்காது.

செலவு: 4ஜி மிக மலிவு.

மின்வெட்டு: ரவுட்டர் சிறிய பேட்டரியிலேயே ஓடும். ஸ்டார்லிங்கின் வழக்கமான தட்டு (டிஷ் அன்டெனா) 75 முதல் 100 வாட் இழுக்கும்.

43 அங்குலத் திரையைப் பத்தடி தள்ளியிருந்து பார்ப்பவருக்கு எச்டியே தாராளம்; 4ஜியை வாங்குங்கள். சிக்னலே எட்டாத வளவு, நாள்முழுதும் இணையவழி வேலை, பிள்ளைகளின் வகுப்பு என்றால் மட்டும் ஸ்டார்லிங்.