சமையலறைத் தராசும் ‘ஒன்றுமே சாப்பிடுவதில்லை’ என்னும் வழக்கும்

ஐந்து கிலோ வரை நிறுக்கும், ஒவ்வொரு கிராமாகக் காட்டும் என்று பெட்டியில் அச்சிட்டு விற்கப்படும் மின்னணுச் சமையலறைத் தராசை நம் ஊரில் பெரும்பாலும் கேக் செய்பவர்களே வாங்குகிறார்கள். எங்கள் வீட்டுக்கு அது வந்த காரணம் வேறு. காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டிச் சோறு, இரவில் ஒரு தோசை, இதற்கு மேல் தாம் எதுவும் உண்பதில்லை என்று சொல்லும் எங்கள் அத்தைக்கு ஆண்டுக்கு ஆண்டு எடை ஏறிக்கொண்டே வந்தது. தைராய்டுப் பரிசோதனையில் குறை ஒன்றும் தெரியவில்லை. ‘எனக்குத் தண்ணி குடிச்சாலே உடம்பு போடுது’ என்பது அவர் வழக்கமாகச் சொல்வது; அதை நம்புவதா, கேலி செய்வதா என்பதில் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு கருவி இந்த வழக்கைத் தீர்க்குமா என்று பார்த்ததன் விளைவே இந்த மதிப்புரை. பல பெயர்களில் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இவை விற்கப்படுவதால், பெயரைச் சொல்வதைக் காட்டிலும் கருவி நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்வதே வாங்குவோருக்குப் பயன்படும்.

தராசு சரியாக நிறுக்கிறதா என்று சோதிக்க எடைக்கல் தேவையில்லை. இரண்டு உலோகங்களால் ஆன பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை ஏறக்குறைய 7.7 கிராம். அத்தகைய நாணயங்கள் பத்தை ஒன்றாக வைத்தால் திரையில் 77 வர வேண்டும்; எங்களுடையது அப்படியே காட்டியது. வைத்த பாத்திரத்தின் எடையைக் கழித்துச் சுழியில் நிறுத்தும் ‘டேர்’ பொத்தான் நன்றாக இயங்குகிறது. மேல் தட்டு கண்ணாடி என்பதால் குழம்பு சிந்தினாலும் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். வாய் அகன்ற பாத்திரத்தை வைத்தால் அது திரையை மறைத்துவிடுவது ஓர் இடைஞ்சல். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் பாத்திரத்தை ஏற்றினால் எண் தெரியும்.

குறை என்று அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்றே. தட்பவெப்ப மாற்றத்தால் எண் தானாக நகர்வதைத் தடுப்பதற்காக, சுழியை ஒட்டி நிகழும் மிகச் சிறிய, மெதுவான மாற்றங்களைப் பிழை என்று கருதி மீண்டும் சுழிக்கே இழுத்துவிடும் ஏற்பாடு மலிவான தராசுகள் பலவற்றில் உண்டு. அதனால் வெறும் தட்டைச் சுழியில் வைத்துக்கொண்டு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால், சில கிராம் சேர்ந்த பின்பும் திரை அசையாமல் நிற்கும். எடை கூட்டும் பொருள்களில் முதன்மையானது எதுவோ அதையே இந்தக் கருவி கவனிக்காமல் விடக்கூடும் என்பது சிறிய விஷயம் அன்று. இதற்கு மாற்று, எண்ணெயை ஊற்றி நிறுக்காமல் எண்ணெய்ப் பாட்டிலையே சமையலுக்கு முன்பும் பின்பும் நிறுத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்வதுதான். பாட்டிலின் எடை சுழியிலிருந்து வெகு தொலைவில் இருப்பதாலும், இரு முறையும் புதிதாகத் தூக்கி வைப்பதாலும், அந்தக் குறை அப்போது தலைகாட்டுவதில்லை.

அத்தை சொன்னவற்றில் சோறும் இட்லியும் ஏறக்குறைய அவர் சொன்ன அளவிலேயே இருந்தன. சமைத்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி இருக்கும். அவருடைய தட்டில் விழுந்தது அதைவிடச் சற்று மிகுதி, அவ்வளவே. அவரைக் கேலி செய்த கட்சி இங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. கணக்கு புரண்டது எண்ணெய்ப் பாட்டிலை நிறுத்த பிறகுதான். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தர, எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி தருகிறது. செக்கில் ஆட்டியது, மரச்செக்கில் ஆட்டியது என்பதெல்லாம் இந்த எண்ணை மாற்றுவதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 14 கிராம், அதாவது சுமார் 120 கலோரி. மிளகாய்ப் பொடியில் குழி பறித்து ஊற்றிக்கொள்ளும் நல்லெண்ணெய் சாதாரணமாக அந்த அளவுக்கு வந்துவிடுகிறது. அந்தக் குழியில் இருப்பது, அதைத் தொட்டுக்கொண்டு உண்ணும் இரண்டு இட்லிகளுக்கு நிகரான ஆற்றல். ஆனால் ‘என்ன சாப்பிட்டீர்கள்’ என்று கேட்டால் யாரும் ‘இரண்டு இட்லியும் ஒரு குழி எண்ணெயும்’ என்று விடை சொல்வதில்லை.

தராசு இல்லாமலேயே போடக்கூடிய கணக்கு ஒன்றும் இதில் கிடைத்தது. நால்வர் உள்ள குடும்பத்தில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் செலவானால், ஆளுக்கு ஒரு லிட்டர். அது ஏறக்குறைய 920 கிராம், அதாவது நாள் ஒன்றுக்கு 30 கிராம், 270 கலோரிக்கு மேல். பொரித்தபின் வீணாகும் எண்ணெயைக் கழித்தாலும், சோறும் குழம்பும் தட்டில் விழுவதற்கு முன்பே ஒவ்வொருவர் கணக்கிலும் அது ஏறிவிடுகிறது. தேங்காயும் அப்படித்தான்: 100 கிராம் துருவலில் 350 கலோரிக்கு மேல் உண்டு, சட்னியாக அரைத்துவிட்டால் அது தேங்காய் என்ற நினைவே எழுவதில்லை. காப்பியைச் சாப்பாடு என்று கணக்கில் வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. கொழுப்பு நீக்காத பால் 150 மில்லியும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த ஒரு டம்ளர் காப்பி 130 கலோரியைத் தாண்டும். காலை ஒன்று, பிற்பகல் ஒன்று, விருந்தாளி வந்தால் உடன் ஒன்று என்று நாளுக்கு 400 கலோரி வரை போகலாம். சஷ்டிக்கும் கிருத்திகைக்கும் ஒருபொழுது இருப்பவர்கள் சோற்றை விலக்கிவிட்டு இரவில் பலகாரம் உண்பதும், குழந்தை தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்கக் கூடாது என்று தாயோ பாட்டியோ உண்டுவிடுவதும் இதே வகை. முறுக்கு டப்பாவைக் காலையிலும் இரவிலும் நிறுத்துப் பார்த்தோம், எடை குறைந்திருந்தது. யார் எடுத்தார்கள் என்பதைத் தராசு சொல்லாது. வீட்டு அமைதி கருதி அந்த விசாரணையும் நடத்தப்படவில்லை.

இது அத்தை ஒருவருக்கு மட்டும் உரிய மறதி அன்று. 1992-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான, நியூயார்க்கில் நடந்த ஆய்வொன்றில், நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாக உண்டும் எடை இறங்கவில்லை என்று கூறியவர்கள் சோதிக்கப்பட்டார்கள். கன ஹைட்ரஜனும் கன ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கச் செய்து, அவை உடலைவிட்டு வெளியேறும் வேகத்தைக் கொண்டு உடல் செலவிடும் ஆற்றலை அளக்கும் முறை அதில் கையாளப்பட்டது. அவர்களுடைய வளர்சிதை மாற்றம் இயல்பாகவே இருந்தது. உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்வது நியாயமாகாது. வயிறு நிரம்பியதா, தட்டு நிறைந்ததா என்பவற்றைக் கொண்டே நாம் எல்லோரும் அளவை நினைவில் வைக்கிறோம். எண்ணெயும் சர்க்கரையும் அந்த இரண்டிலும் இடம் பிடிப்பதில்லை.

மறு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. உண்பதைக் குறைத்தால் உடலும் செலவைக் குறைத்துக்கொள்கிறது என்பது உண்மையே. 1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் தொடங்கிய சோதனையில், 36 இளைஞர்கள் ஏறக்குறைய ஆறு மாத காலம் நாளுக்குச் சுமார் 1,570 கலோரி உணவில் வைக்கப்பட்டார்கள். அவர்களுடைய உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றல் ஏறக்குறைய 40 விழுக்காடு சரிந்தது. ஆயினும் எடை ஏறவில்லை. அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள். கால்களில் நீர் கோத்துக்கொண்டதால், இழந்த தசையும் கொழுப்பும் எடைக்கருவியில் முழுமையாகத் தெரியவில்லை என்பதும் அதில் பதிவாகியுள்ளது. ஆகவே குறைவாக உண்ணும்போது எடை ஏறினால், ஏறுவது கொழுப்பா நீரா என்று முதலில் கேட்க வேண்டும். உப்பு மிகுந்த உணவு, மாதவிடாய்க்கு முந்திய நாள்கள் ஆகியவை ஒன்றிரண்டு கிலோவை எளிதில் ஏற்றி இறக்கும். தைராய்டுச் சுரப்புக் குறைவால் கூடும் எடை பொதுவாக இரண்டு முதல் ஐந்து கிலோ வரைதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீருமே. ஸ்டீராய்டு மாத்திரைகளும் மனநல மருந்துகள் சிலவும் பசியைக் கூட்டி எடையை ஏற்றுகின்றன. முகமும் காலும் வீங்கினாலோ, சில நாள்களுக்குள் எடை விறுவிறுவென்று ஏறினாலோ, தராசு வாங்க வேண்டாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் கோளாறும் அப்படித்தான் வெளிப்படும்.

தராசு கிராமைச் சொல்லுமே தவிரக் கலோரியைச் சொல்லாது. அதற்குக் கைப்பேசிச் செயலிகளை நாடினால், ‘ஒரு கிண்ணம் சாம்பார்’ என்பதற்கு ஒன்றுக்கொன்று ஒவ்வாத எண்களே கிடைக்கின்றன. யார் வீட்டுக் கிண்ணம், யார் கைப் பருப்பு என்று செயலிக்கு எப்படித் தெரியும்? ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையில் 528 பொருள்களின் விவரம் உள்ளது. (அந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் சிறிய ஆய்வுக்கூடமாகப் பிறந்தது என்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.) அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய் என்று பச்சையாக நிறுத்து, அட்டவணையைக் கொண்டு கூட்டி, சமைத்த குழம்பின் மொத்த எடையில் நம் தட்டுக்கு வந்த பங்கை வகுத்துக்கொள்வதே நம்பத்தக்க வழி. முதல் சில நாள்கள் இது அலுப்பூட்டும். வெறும் பாத்திரங்களின் எடையை ஒருமுறை நிறுத்து அடியில் எழுதி வைத்துவிட்டால் வேலை பாதியாகக் குறையும்.

பயன் உண்டா என்றால், உண்டு. நாளுக்கு 50 கலோரி மிகுந்தால்கூட, ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற கணக்கில் ஆண்டுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் வரும். உடல் பெருக்கும்போது அதன் செலவும் பெருகுவதால் நடைமுறையில் அவ்வளவு ஏறாது, எனினும் அத்தையின் எடை மெல்ல மெல்ல ஏறிய விதத்துக்கு இவ்வளவு சிறிய மிகுதியே போதுமானது. தட்டில் இருக்கும் சோற்றை மேலும் குறைப்பதை நிறுத்திவிட்டு எண்ணெயையும் காப்பியையும் மட்டும் அளந்ததில் ஏற்றம் நின்றிருக்கிறது, சற்றே இறங்கவும் தொடங்கியிருக்கிறது. பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்பதே அவருக்கு இதில் பெரிய ஆறுதல். தராசை எப்போதும் மேடையில் வைத்திருக்க வேண்டியதில்லை; சில வாரங்களில் கண்ணும் கையும் அளவைப் பழகிவிடுகின்றன. உணவைப் பற்றிய அச்சமோ, உண்டதைக் குற்றமாக எண்ணும் பழக்கமோ உள்ளவர்கள், குறிப்பாக வளரிளம் பருவத்தினர், இருக்கும் வீட்டில் இதை வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வாங்குவோர் இரண்டைப் பார்த்து வாங்கலாம். அரை நிமிடத்தில் தானாக அணைந்துவிடும் தராசு, வெங்காயம் நறுக்கி முடிப்பதற்குள் முன் நிறுத்த எண்ணை மறந்துவிடும். இரண்டு நிமிடமாவது விழித்திருப்பதாக இருக்க வேண்டும். நாணய வடிவ மின்கலத்தில் இயங்குவதைவிடச் சாதாரணச் சிறு பேட்டரியில் இயங்குவதே மேல். அந்த வட்ட மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும் என்பதால், சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் மூடி திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பார்த்துவிடுவது நல்லது.