டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகு காலேஜ் பை: ஒரு வருஷத்துக்கு மேல் சுமந்து பார்த்த அனுபவம்

எல்4-எல்5 டிஸ்க் (கீழ் முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பது) ஆபரேஷன் முடிந்து காலேஜுக்குத் திரும்பும்போது டாக்டர் மூன்றே விஷயம் சொன்னார்: குனியாதே, தூக்காதே, இடுப்பை முறுக்காதே. ஆரம்பத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் கையில் எடுக்கக் கூடாது. பிசியோதெரபி போகப் போக ஏற்றிக்கொள்ளலாம். (இது எனக்குச் சொன்ன கணக்கு. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.) நானோ கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, புதுச்சேரி லாஸ்பேட்டைக்குப் போய் பி.எஸ்சி. இயற்பியல் படிப்பவன். ரெக்கார்டு நோட்டு, அப்சர்வேஷன் நோட்டு, தண்ணீர், சாப்பாடு, சில நாள் லேப்டாப். இரண்டு கிலோவெல்லாம் எந்த மூலைக்கு?

வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது சக்கரம் வைத்த ட்ராலி பேக். நேரு வீதியில் ஒரு கடையில் வாங்கினோம். கடைக்குள் வழவழவென்று ஓடியது. ஓடாமல் என்ன செய்யும், டைல்ஸ் தரை! தெருவில் இறக்கியதும் குணம் தெரிந்துவிட்டது. வாய்க்கால் மூடியின் இடுக்கில் சக்கரம் சிக்கும். நடைபாதைக்கு ஏற்றுவதென்றால் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். பின்னால் ஒரு கையால் இழுத்துக்கொண்டே நடந்தால் இடுப்பு ஒரு பக்கமாகத் திரும்பியே இருக்கிறது என்று பிசியோதெரபிஸ்ட் காட்டிக் கொடுத்தார். முன்னால் வைத்துத் தள்ள நாலு சக்கரம் வேண்டும். நாலு சக்கரப் பையோ ஒரு சின்னக் கல்லைக் கண்டால் நின்றுவிடும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காலிப் பையே இரண்டரைக் கிலோ என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. புத்தகம் ஒன்றுகூட வைக்காமலே டாக்டர் சொன்ன அளவு தாண்டிவிட்டது. அதோடு தனியார் பஸ்ஸின் முதல் படி கிட்டத்தட்ட முழங்கால் உயரம். பின்னால் நாலு பேர் நெருக்க, கண்டக்டர் "ஏறு தம்பி, ஏறு ஏறு" என்று விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்க, ஒரு கையில் கம்பி, மறு கையில் பை. குனிவது, தூக்குவது, முறுக்குவது மூன்றும் அந்த ஒரு படியிலேயே நடந்து முடிந்துவிடும். மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை சக்கரப் பை வேண்டாம் என்கிறது. படியேறும்போது பிள்ளைகளுக்கு அடிபடலாம் என்பதுதான் அதற்குச் சொல்லும் காரணம். கொள்கை பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். காரணம் எனக்கும் அப்படியே பொருந்தியது. போதாததற்கு ஐப்பசி மழையில் நனைந்து, உப்புக் காற்றில் கைப்பிடிப் பட்டனின் ஸ்பிரிங் துருவேறி, இழுத்த கம்பி உள்ளே இறங்க மறுத்தது. ட்ராலிக்கு நான் கொடுக்கும் மார்க் பாஸ் மார்க்குக்கும் கீழே. ஒரே கட்டடம், லிஃப்ட், வீட்டு வாசலில் கார் என்று இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

அதற்குள் எனக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. பையை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு நடக்கும்போது வலி அவ்வளவாக இல்லை. வலி வருவது எடுக்கும்போதும் இறக்கும்போதும்தான். தரையில் கிடக்கும் பையை ஒற்றை வாரைப் பிடித்துச் சுழற்றி முதுகில் போடுவோமே, அந்த ஒரு வீச்சு. படிக்கிற பாடம்தான்: எடை உடம்பைவிட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்குத் திருப்புவிசை கூடும். குனிந்து, கை நீட்டி, ஐந்து கிலோவை எடுக்கும்போது அதைச் சமாளிக்க இடுப்புத் தசைகள் பல மடங்கு இழுக்க வேண்டும், அத்தனையும் டிஸ்க் மேல்தான் இறங்கும்.

அதனால் எந்தப் பை என்ற கேள்வியை விட்டுவிட்டு, பையை எங்கே வைப்பது என்று பார்க்க ஆரம்பித்தேன். இடுப்பு உயரத்துக்குக் கீழே பை போகவே கூடாது. வீட்டில் சாப்பாட்டு மேஜை ஓரம் அதன் இடம். மேஜைக்கு முதுகு காட்டி நின்று, இரண்டு கையையும் வாரில் நுழைத்து, முழங்காலை லேசாக மடக்கி நிமிர்ந்தால் பை தானாக ஏறிவிடும். வகுப்பில் கடைசி பெஞ்சின் ஓரம், பக்கத்து இடத்தில் பை. லேபில் பைகளை அடித்தட்டில் அடுக்குவது வழக்கம். லேப் அண்ணனிடம் சொன்னதும் ஜன்னல் திட்டைக் காட்டிவிட்டார். பஸ்ஸில் மடி. அதற்கு உட்கார இடம் வேண்டும் என்பதற்காகவே, மஞ்சக்குப்பம் வழியாகத்தான் பஸ் போகும் என்றாலும், கெடிலம் ஆற்றைத் தாண்டித் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னோக்கிப் போய் ஏறுகிறேன். நடுவில் உள்ள சீட்டாகப் பார்த்து உட்காருங்கள். கடைசி சீட்டில் உட்கார்ந்தால் தவளக்குப்பம் வருவதற்குள் ஒவ்வொரு வேகத்தடையும் முதுகில் எழுதிவிடும்.

நண்பர்கள் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "குடுடா மச்சி, நான் தூக்கிட்டு வர்றேன்" என்று மூன்றாவது மாடி வரை சுமந்து வருவார்கள். வந்து, என் காலடியில் தரையில் 'தொப்'பென்று போட்டுவிட்டுப் போவார்கள்! சுமந்தது அவன், குனிய வேண்டியது நான். "தூக்கலைன்னாலும் பரவால்லடா, பெஞ்சு மேல வை" என்று பழக்குவதற்கு ஒரு செமஸ்டர் ஆயிற்று. பரீட்சை நாள்தான் இன்னும் மோசம்: ஹாலுக்கு வெளியே வராந்தாவில் பைகள் குவியலாகக் கிடக்கும், நம் பை எப்போதும் அடியில். அன்று பையே கொண்டுபோவதில்லை. பிளாஸ்டிக் ஃபோல்டரில் ஹால் டிக்கெட், பேனா, கால்குலேட்டர். அவ்வளவுதான்.

எடையைக் குறைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று 5 கிராம். நூறு தாள் அரைக் கிலோ. முழு நோட்டைச் சுமக்காமல் அன்றைக்கு வேண்டிய தாளை மட்டும் கொண்டுபோய், வீட்டில் கோப்பில் சேர்க்கிறேன். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, அதனால் காலி பாட்டில்தான் பையில் போகும். ரெக்கார்டு நோட்டுக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை; கையெழுத்துக்கு அது முழுசாக வேண்டுமாம்.

இப்போது உழைப்பது சாதாரண முதுகுப் பைதான். அகலமான பஞ்சு வார், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கிளிப், முதுகோடு ஒட்டிய லேப்டாப் அறை. எடை முதுகை ஒட்டியே நிற்பதால் பின்னால் இழுப்பதில்லை. இடுப்பு வார் உள்ள பையும் ஒன்று வாங்கிப் பார்த்தேன், இடுப்பைத் தாங்கிப் பிடிக்கும் எல்.எஸ். பெல்ட் போட்டிருந்த காலத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சித்திரை வெயிலில் இடுப்பெல்லாம் வியர்க்குரு. பெல்ட்டைக் கழற்றச் சொன்ன பிறகு அதே வார் நன்றாகவே இருந்தது. பெல்ட்டால் ஒரு லாபமும் உண்டு. சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால், "வயசுப் பையன், நிக்கக் கூடாதா" என்று முறைக்கும் அதே பெரியவர் எழுந்து இடம் கொடுப்பார். சட்டைக்கு உள்ளே போட்டால் கிடைக்காது.

வாங்கப் போகிறவர்கள் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். பைக்குள் வைத்து, கல்லா மேஜையிலிருந்து மாட்டிப் பாருங்கள், கழற்றிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.