நைட்ரைல் என்று 58,500 ரூபாய் வாங்கிக்கொண்டு வைனில் கையுறை அனுப்பினார்கள்: பல் கிளினிக் நடத்துபவர்கள் வாசிக்கவும்

58,500 ரூபாய். முப்பது பெட்டிக் கையுறைக்கு முழுக் காசையும் முன்கூட்டியே வங்கியில் போட்டேன், வந்து இறங்கியது முப்பது பெட்டி வைனில். நைட்ரைல் என்பது இயற்கை ரப்பர் சேராத, நன்றாக இழுபடும் கையுறை, வைனில் வெறும் பிளாஸ்டிக். இன்று மத்தியானம் அந்த ஒன்லைன் கடையின் கடைசிப் பதிலும் வந்துவிட்டது, "எங்கட பொலிசிப்படி இதுக்கு ஒன்றும் செய்ய ஏலாது டொக்டர்" என்று. கோபம் ஆறுவதற்கு முன்னமே எழுதுகிறேன், ஏனென்றால் அவர்களுடைய விளம்பரம் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, திருகோணமலை, கிண்ணியா, மூதூர் பக்கம் சின்னதாகக் கிளினிக் வைத்திருக்கிற நிறையப் பேர் இப்படித்தான் ஒன்லைனில் சாமான் எடுக்கிறோம். லேட்டெக்ஸ், அதாவது இயற்கை ரப்பர், இல்லாத நைட்ரைல் கையுறையை எப்படிப் பார்த்து எடுப்பது என்பதையும் கீழே எழுதுகிறேன்.

நான் உப்புவெளிப் பக்கம் பின்னேரங்களில் திறக்கும் ஒரு பல் கிளினிக் நடத்துகிறேன். என்னோடு உதவிக்கு நிற்கும் தங்கச்சிக்கு ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாது. போட்டுக் கொஞ்ச நேரத்தில் கை தடித்துச் சிவந்துவிடும், கண் அரிக்கும், ஒருமுறை மூச்சு இழுக்கவும் தொடங்கியது. இயற்கை ரப்பரில் இருக்கும் புரதம்தான் இதற்குக் காரணம். மாவு பூசிய கையுறை என்றால் அந்தப் புரதம் மாவோடு சேர்ந்து காற்றில் பறந்து மூச்சுக்குள்ளும் போகும், அமெரிக்காவில் 2017 இல் மாவு போட்ட மருத்துவக் கையுறைகளைத் தடைசெய்ததற்கு இதுவும் ஒரு காரணம். நோயாளிகளிலும் பலூன் ஊதினால் உதடு வீங்குகிறது என்று சொல்பவர்கள் வருவதுண்டு. ஆகவே எங்கள் கிளினிக்கில் நைட்ரைல் இல்லாமல் வேலையே தொடங்க முடியாது.

அதிலும் பல் வேலைக்குக் கையுறை சும்மா கையை மூடினால் போதாது. வேர்ச் சிகிச்சை செய்யும்போது ஃபைல் என்கிற ஊசி மாதிரி மெல்லிய கருவியை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டி உருட்டித்தான் வேருக்குள் இருக்கும் கால்வாய் எங்கே வளைகிறது என்று உணர வேண்டும். விரல் நுனியில் தொளதொளவென்று நின்றால் ஒன்றும் பிடிபடாது, இறுக்கமாக இருந்தால் கொஞ்ச நேரத்திலேயே பெருவிரல் அடி வலிக்கத் தொடங்கும். எங்கள் ஊர் வெயிலில் கைக்குள் வியர்வை வேறு.

இதெல்லாம் அந்தக் கடைக்காரத் தம்பிக்கு நன்றாகவே தெரிந்திருந்தது, அதுதான் எனக்கு ஆத்திரம். மருத்துவப் பொருட்கள் மட்டும் விற்கிறோம் என்று சொல்லும் ஒரு ஒன்லைன் கடை. நான் விலை கேட்டு மெசேஜ் போட்டதும் அவரே கோல் எடுத்தார். யாருக்கு அலர்ஜி, கை சின்னதா பெரியதா, சேர்ஜரி செய்வீர்களா, காறை சுரண்டும் ஸ்கேலிங் மட்டுமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எஸ் சைஸ், மாவு இல்லாதது, விரல் நுனி சொரசொரப்பானது என்று அவர் வாயாலேயே சொன்னார். மாதிரிக்கு இரண்டு சோடி கூரியரில் இலவசமாக அனுப்பினார். போட்டுப் பார்த்தேன். அருமையான நைட்ரைல், கையோடு ஒட்டி நின்றது, ஒரு வேர்ச் சிகிச்சை முழுக்க அதோடு செய்தேன், கை வலிக்கவே இல்லை. தங்கச்சிக்கும் அரிப்பு இல்லை. இதற்கு மேல் ஒரு பொருளை எப்படிச் சோதிப்பது?

"மொத்தமா எடுத்தா பெட்டி 1,950 க்குத் தாறன், ஆனா மொத்த ஓடருக்குக் காஷ் ஒன் டெலிவரி இல்லை, ஒன்றுக்கும் யோசிக்காதீங்க டொக்டர், அதே சாமான்தான் வரும்" என்றார். அதே சாமான்தான் வரும். இந்த வார்த்தையை நம்பித்தான் 58,500 ரூபாயை அனுப்பினேன்.

பார்சல் வந்தது. நிறம் அதே நீலம். பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் நைட்ரைல், அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் 'பிளெண்ட்', அதாவது கலப்பு. கையில் போட்டால் மணிக்கட்டில் வாய் திறந்து நிற்கிறது, இழுத்தால் நீளாமல் வெளுத்துக்கொண்டு அறுகிறது. பெட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் ஏஎஸ்டிஎம் டி 5250 என்று அச்சடித்திருக்கிறது. அது வைனில் பரிசோதனைக் கையுறைக்கான அமெரிக்கத் தர இலக்கம், நைட்ரைலுக்கு உரியது டி 6319. ஐரோப்பிய இஎன் 455 தரத்தை எடுத்தாலும் நைட்ரைல் அறுவதற்கு முன் குறைந்தது 6 நியூட்டன் தாங்க வேண்டும், வைனிலுக்கு 3.6 இருந்தாலே போதும். வித்தியாசம் இவ்வளவு.

அன்று நோயாளிகள் வரிசையில் இருந்தார்கள், கையில் வேறு கையுறை இல்லை, இரண்டு சோடி ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு ஸ்கேலிங் தொடங்கினேன். ஸ்கேலர் நுனி பட்டு இரண்டும் கிழிந்து என் நகக்கண்ணில் இரத்தம். நோயாளியின் இரத்தம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறேன், சரி, ஆனால் இரத்தத்தால் பரவுவது அது ஒன்றுதானா?

கோல் எடுத்தேன். முதலில் "இதுவும் நைட்ரைல்தான் டொக்டர், புது மொடல்". தர இலக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். "பிரிண்ட் பண்ணினதில பிழை." கிழிந்த கையுறையின் படத்தை அனுப்பினேன். "நகம் நீளமா இருக்கும் டொக்டர்." பல் வைத்தியரிடம் நகம் நீளம் என்கிறார்! பிறகு மனேஜர் மீட்டிங்கில், மனேஜர் லீவில், மனேஜர் கதைப்பார். மனேஜர் கதைக்கவில்லை. திருப்பி அனுப்புகிறேன் என்றால் உடைத்த பெட்டியை எடுக்க மாட்டார்களாம், உடைக்காத பெட்டிகளை எடுங்கள் என்றால் மருத்துவப் பொருள் திருப்பி எடுப்பது சுகாதாரத்துக்குக் கேடாம். சுகாதாரத்தைப் பற்றி எனக்குச் சொல்லித் தருகிறார்கள், 58,500 ரூபாயை வைத்துக்கொண்டு. ஓடருக்கு முன்னம் ஒரு நிமிடத்தில் பதில் போட்ட அதே தம்பி இப்போது மெசேஜைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

வைனில் முழுக்க உதவாத பொருள் என்று சொல்லவில்லை. பல்லுக்கு அச்சு எடுக்கும் சிலிக்கோன் புட்டி பிசைய நானே வைனில்தான் பாவிப்பேன், லேட்டெக்ஸ் கையுறையோடு பிசைந்தால் அதிலுள்ள கந்தகத்தால் புட்டி சரியாக இறுகாது. ஆனால் அதற்கு ஒரு பெட்டி போதும். மிச்சம் எல்லாம் அலுமாரிக்கு மேல் கிடக்கிறது.

சரி, எப்படிப் பார்த்து எடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசரத்துக்கு இவ்வளவு. பெட்டியின் ஆறு பக்கத்தையும் படம் கேளுங்கள், டி 6319 இருக்கிறதா என்று பாருங்கள், இஎன் 455 மட்டும் இருந்தால் போதாது, அது வைனில் பெட்டியிலும் இருக்கலாம், பிளெண்ட், சிந்தெடிக் என்ற சொல் கண்டால் விட்டுவிடுங்கள். மாதிரிச் சோடியை நம்பி மொத்தக் காசு அனுப்பாதீர்கள், முதலில் ஒரு பெட்டியைக் காசு கொடுத்து வாங்குங்கள். வந்ததும் ஒரு கையுறையில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு ஒழுகுகிறதா என்று பாருங்கள். தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவு இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள், மழுப்பினால் போனை வையுங்கள். நைட்ரைல் போட்டும் கை அரித்தால் அது தயாரிப்பில் ரப்பரைச் சீக்கிரம் இறுக வைக்கச் சேர்க்கும் ஆக்சிலரேட்டர் இரசாயனத்தால் இருக்கலாம், அது போடாத வகையும் இருக்கிறது. பொய்ப்பல் வேலைக்குப் பாவிக்கும் அக்ரிலிக் மொனோமர் திரவம் பட்டால், அது ஊடுருவிவிடும் என்பதால், நைட்ரைலாக இருந்தாலும் உடனே கழற்றி மாற்றுங்கள்.

நாளைக்கு 1977 க்கு எடுத்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையில் முறைப்பாடு பதியப் போகிறேன். இதே மாதிரிப் பெட்டி உங்களுக்கும் வந்திருந்தால் பில்லையும் அடிப்பக்கப் படத்தையும் எனக்கு அனுப்புங்கள், சேர்த்துக் கொடுக்கிறேன். என்னுடைய 58,500 ரூபாய் எனக்கு வேண்டும்.