ஏலக்காய்க் கடைக் கணக்குக்கு எஸ்கியூலைட்: ஒரு மதிப்புரை

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் அமைத்துத் தருபவன் என்ற முறையில், அந்தக் கடைகளின் அளவுக்கு எஸ்கியூலைட் தரவுத்தளம் மிகப் பொருத்தமானது என்று உறுதியாகச் சொல்வேன். ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இதற்கு உரிமக் கட்டணம் கிடையாது, தனி சர்வரும் வேண்டாம். மொத்தக் கணக்கும் ஒரே கோப்பில் அடங்குவதால், கடை சாத்தும் நேரத்தில் நிரலை மூடிவிட்டு அதை பென்டிரைவில் நகலெடுத்தால் போதும்.

அட்டவணைகளைப் பிரிப்பதில்தான் கவனம் வேண்டும். கேரள மலையில் உள்ள வண்டன்மேட்டிலிருந்தோ நெடுங்கண்டத்திலிருந்தோ காய் கொண்டுவரும் விவசாயியின் பெயரையும் ஊரையும் ஒவ்வொரு எடைச்சீட்டிலும் திரும்ப எழுதினால், எழுத்து மாறும்போது ஒருவரே இரண்டு ஆளாகிவிடுவார். ஆகவே விவசாயிகள், எடைச்சீட்டுகள், முன்பணம் என்று மூன்று அட்டவணைகள் இருக்கட்டும். பின்னிரண்டிலும் விவசாயிக்கு நாமே தரும் எண் மட்டும் வரட்டும். செல்பேசி எண்ணை பிரைமரி கீயாக, அதாவது ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் எண்ணாக, வைப்பது சரிவராது. மலைக்கு மேலும் கீழும் புழங்குபவர்கள் கேரள சிம் ஒன்றும் தமிழ்நாட்டு சிம் ஒன்றும் வைத்திருப்பார்கள், மாற்றவும் செய்வார்கள். எடைச்சீட்டில் வரும் எண் விவசாயிகள் அட்டவணையில் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபாரின் கீ சோதனை எஸ்கியூலைட்டில் வழக்கமாக அணைந்தே இருக்கும் என்பதால், ஒவ்வொரு இணைப்பின் தொடக்கத்திலும் அதை இயக்கிவிட வேண்டும். இல்லையேல் பட்டியலில் இல்லாத விவசாயியின் பெயரில் எடைச்சீட்டு ஏறினாலும் தடுக்காது.

தரவுத்தளத்திடம் கணக்குக் கேட்கும் கட்டளைகளான வினவல்களில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரு விவசாயி 40, 55, 60 கிலோ என மூன்று முறை காய் போட்டிருக்கிறார். 20,000 ரூபாயும் 15,000 ரூபாயும் முன்பணம் வாங்கியிருக்கிறார் என்று கொள்வோம். மூன்று அட்டவணைகளையும் ஒரே ஜாயினில் இணைத்துக் கூட்டினால், ஒவ்வொரு எடைச்சீட்டும் ஒவ்வொரு முன்பண வரியோடும் சேர்ந்து ஆறு வரிகளாகி, 155 கிலோ 310 ஆகவும், 35,000 ரூபாய் 1,05,000 ஆகவும் வந்து நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதே இதில் உள்ள ஆபத்து. எடையைத் தனியாகவும் முன்பணத்தைத் தனியாகவும் விவசாயிவாரியாகக் கூட்டிய பிறகே, அந்த இரண்டு விடைகளையும் விவசாயி அட்டவணையோடு லெஃப்ட் ஜாயின் செய்ய வேண்டும், அதாவது பொருந்தும் வரி இல்லாவிட்டாலும் விவசாயியின் பெயர் நிற்கும்படி இணைக்க வேண்டும். அப்போதுதான் முன்பணம் வாங்கியும் காய் போடாதவர் விடுபடமாட்டார்.

குறை என்று நான் கருதுவது தமிழ் அகரவரிசை. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள யூனிகோட் எண்ணின் வரிசையிலேயே பெயர்களை அடுக்குவதால் கண்ணனுக்கு முன் கணேசன் வந்துவிடுகிறார், கமலாவுக்கு முன் கனகராஜ் வருகிறார். தமிழ் வரிசையைத் தனியாக எழுதிச் சேர்க்க முடியும், ஆனால் அதற்கு நிரல் தெரிந்தவர் வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும் என்பது ஒரு தராசு உள்ள கடைக்குத் தடையே இல்லை. போடியிலும் கம்பத்திலும் குமுளியிலும் கிளை வைத்து ஒரே கணக்கில் பதிபவர்கள் சர்வரில் இயங்கும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பக்கம் போவதே நல்லது.