ஒரிஜினலா, ஓ.இ.யா, லோக்கலா: நின்ற இடத்தில் நடுங்கிய காருக்கு எந்த மவுண்டிங்?

பதினான்கு மாதத்துக்குள் ஒரே காருக்கு இரண்டு முறை என்ஜின் மவுண்டிங் (என்ஜினைத் தாங்கி, அதன் அதிர்வு காருக்குள் வராமல் தடுக்கும் பாகம்) மாற்றியவன் நான். முதல் முறை காசை மிச்சம் பிடித்தேன். இரண்டாம் முறை அந்த மிச்சத்தோடு கொஞ்சம் கூடவே சேர்த்துக் கொடுத்தேன். ஆகவே இதில் நடுநிலைத் தீர்ப்பை எதிர்பார்க்க வேண்டாம். ஓ.இ. பெட்டியின் பக்கம், அதாவது கார் கம்பெனிகளுக்குச் செய்து கொடுப்பவர்களே சொந்தப் பெயரில் விற்கும் பொருளின் பக்கம், சாய்ந்துதான் எழுதுகிறேன்.

கார், பதினோரு வயதான ஜெர்மன் டீசல் செடான். நான்கு சிலிண்டர், ஆட்டோமேட்டிக் கியர், கோயம்புத்தூரில் இரண்டாம் கையாக வாங்கியது. நான்குவழிச் சாலையில் ஏறிவிட்டால் தொட்டில் மாதிரி போகும். மதுரைக்குள் வந்து நின்றால்தான் வம்பு. நான்கு மாசி வீதிகளிலும் கார் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். சித்திரைத் திருவிழாச் சமயத்தைக் கேட்கவே வேண்டாம். கியர் டி-யில், கால் பிரேக்கில், ஏசி முழு வேகத்தில். அப்படிக் காளவாசல் சிக்னலில் நிற்கும்போது உட்புறக் கண்ணாடியில் பின்னால் நிற்கும் காரின் நம்பர் பலகை கலங்கித் தெரியும். மூன்றா எட்டா என்று பிரிக்க முடியாது. பின்சீட்டில் இருந்த அம்மா, "மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறதே, இதற்குத்தானா இவ்வளவு கொடுத்தாய்?" என்றார்.

பெட்டிகளை ஒப்பிடும் முன், கோளாறு மவுண்டிங்கில்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். காசு செலவில்லாத முதல் சோதனை, நடுக்கத்தின் தாளத்தைக் கவனிப்பது. நான்கு சிலிண்டர் என்ஜின் ஐடிலிங்கில் (கார் நிற்க, என்ஜின் மட்டும் ஓடும்போது) 750 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 750 சுற்று, சுற்றினால் நொடிக்கு 25 முறை வெடிப்பு நடக்கும். மவுண்டிங் போயிருந்தால் அந்த 25-ம் ஒரே சீராக, இடைவெளி தெரியாமல், கிர்ரென்று இருக்கையில் ஏறும். ஒரு சிலிண்டர் மட்டும் சோம்பினால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை இடறும். நொடிக்கு ஆறு இடறல். அது கிர்ரல்ல, நொண்டல். கண்ணை மூடி உட்கார்ந்தால் வித்தியாசம் புரிந்துவிடும். நொண்டினால் மவுண்டிங் கடைக்குப் போகாதீர்கள், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைப் பாருங்கள்.

அடுத்தது, டி-யில் இருந்து நியூட்ரலுக்கு மாற்றிப் பார்ப்பது. என் காரில் நடுக்கம் பாதியாகக் குறைந்தது. ஏசியை அணைத்தபோது இன்னும் குறைந்தது. ஆயிரம் ஆர்.பி.எம்.மைத் தாண்டியதும் காணாமல் போனது. என்ஜினை அணைக்கும்போது தொப்பென்று ஓர் உதறல் வேறு. ஒத்தக்கடைப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன், ஜாக்கியின் மேல் மரக்கட்டை வைத்து என்ஜினுக்கு அடியில் மயிரிழை அளவு தூக்கிக் கொடுத்தார். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி இருந்தது. (என்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப் பிளாஸ்டிக்காக இருக்கும் கார்களில் இதைச் செய்யக் கூடாது.) டார்ச் அடித்துப் பார்த்தால், இடது மவுண்டிங்கின் அடியில் கருத்த ஈரத் தடம் வழிந்து தூசியோடு காய்ந்து கிடந்தது. ஐயத்துக்கு இடமில்லை.

சத்தத்தை நடுக்கத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்றும் அண்ணன் சொன்னார். கலகலவென்று முன்பக்கம் சத்தம் வந்தால், ஆல்டர்னேட்டரை ஓட்டும் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில நொடிகள் மட்டும் என்ஜினை ஓட்டிப் பார்ப்பார். சத்தம் நின்றால் ஆல்டர்னேட்டர் புல்லியோ டென்ஷனரோ காரணம். சஸ், சஸ் என்று மூச்சு விடுகிற மாதிரி கேட்டு, இன்ஜெக்டரின் அடியில் தார் பூசினாற்போல் கரி கட்டியிருந்தால், அங்கே வாஷர் கசிகிறது. எனக்கு இரண்டும் இல்லை.

இந்த வகைக் கார்களின் மவுண்டிங் வெறும் ரப்பர் கட்டை அல்ல. உள்ளே இரண்டு அறைகள், இடையில் குறுகிய வழி, கிளைக்கால் கலந்த திரவம். நிற்கும்போது என்ஜின் போடும் சின்னச் சின்ன அதிர்வை அது மெத்தென்று வாங்கிக்கொள்ள வேண்டும். பள்ளத்தில் விழுந்து என்ஜின் பெரிதாக ஆடும்போதோ, திரவம் குறுகிய வழியில் நெருக்கியடித்துப் போய் ஆட்டத்தை அடக்க வேண்டும். இளகவும் தெரிய வேண்டும், இறுகவும் தெரிய வேண்டும். ரப்பர் வெடித்துத் திரவம் வெளியேறிவிட்டால் என்ஜின் சில மில்லிமீட்டர் கீழே உட்கார்ந்துவிடும். அதிர்வு நேராகக் காரின் உடம்புக்கு வந்துவிடும்.

மாற்றுவது என்று முடிவானதும் அண்ணன் மூன்று விலை சொன்னார். கார் கம்பெனியின் முத்திரை உள்ள பெட்டி, ஒன்று 19,400 ரூபாய். கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் பெட்டி, 9,800. பெயர் எதுவும் நினைவில் நிற்காத பெட்டி, 3,200. ஒர்க்‌ஷாப் மொழியில் ஒரிஜினல், ஓ.இ., லோக்கல். எல்லாம் இரண்டிரண்டாகத்தான், ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைக் கெடுத்துவிடும். பழைய மவுண்டிங்கிலேயே ரப்பர் வார்த்துத் தருகிறோம் என்று நாலாவதாக ஒரு வழியும் உண்டு. லாரிக்குச் சரி. திரவம் இருந்த இடத்தில் கெட்டி ரப்பரை அடைத்துவிட்டுச் சொகுசைத் தேட முடியாது.

நான் லோக்கலை எடுத்தேன். உள்ளே இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது என்று ஓர் எண்ணம்.

முதல் வாரம் நன்றாகவே இருந்தது. உட்கார்ந்துபோன என்ஜின் பழைய உயரத்துக்கு வந்ததால் வந்த நிம்மதி அது. அதற்கப்புறம்தான் ஸ்டீயரிங்கில் ஒரு மெல்லிய கூச்சம் இருப்பதைக் கவனித்தேன். நம்பர் பலகையும் முழுதாகத் தெளியவில்லை. ஒன்பதாம் மாதம், அக்னி நட்சத்திரம் முடிவதற்குள், பழைய மாவு மில் திரும்பிவிட்டது.

கழற்றிய லோக்கலையும் புதிதாக வந்த ஓ.இ.யையும் ஒர்க்‌ஷாப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ரப்பர் வார்ப்பு வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். வெள்ளரிப்பட்டியில் டயர் ஆலை உள்ள மதுரையில் ரப்பர் தெரிந்த உறவினர் ஒருவராவது கிடைத்துவிடுவார். அவர் முதலில் பெட்டியைப் பார்க்கவில்லை, பெருவிரல் நகத்தால் இரண்டையும் அழுத்தினார். லோக்கலில் நகம் வழுக்கியது. ஓ.இ.யில் பதிந்து, மெதுவாக மேலே வந்தது. "இது எடை தாங்குவதற்கு வார்த்தது, அது அதிர்வைத் தின்பதற்கு வார்த்தது" என்றார். லோக்கலின் ஓரத்தில் ரப்பர் உலோகத்தை விட்டு நகக்கண் அளவு பிரிந்திருந்தது. திரவம் எப்போதோ போய்விட்டது.

இப்போது கணக்கு. மவுண்டிங் விலையை மட்டும் பார்த்தால் லோக்கலில் 13,200 ரூபாய் மிச்சம். ஆனால் இந்தக் காரில் மவுண்டிங் மாற்றுவது சாக்கெட் போட்டு நான்கு போல்ட் கழற்றுகிற வேலை அல்ல. அண்டர் கவர், வெப்பத் தகடு, டர்போவின் காற்றுக் குழாய் எல்லாம் இறங்க வேண்டும். என்ஜினை மேலிருந்து தாங்கிப் பிடிக்கக் குறுக்குக் கம்பி போட வேண்டும். என் காரில் சில போல்ட்டுகள் அலுமினியம். ஒரு முறை இறுக்கினால் இழுபட்டுவிடும். மறுபடி போடக் கூடாது, புதிது வாங்க வேண்டும். கூலி 6,500, போல்ட் 1,800. இரண்டாம் முறை இந்த 8,300-ஐ அப்படியே திரும்பக் கொடுத்தேன். குப்பைக்குப் போன லோக்கல் ஜோடியின் 6,400-ஐயும் கூட்டினால் 14,700 தண்டம். நான்கு நாள் கார் இல்லாமல் அலைந்ததை இதில் சேர்க்கவில்லை.

கூலியைவிட என்னை உறுத்துவது வேறொன்று. லோக்கல் ஓய்ந்துகொண்டிருந்த மாதங்களில், நடுக்கம் எதனால் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மவுண்டிங் புதிது என்று நானே வாக்குமூலம் கொடுத்துவிட்டேனே! அதனால் எல்லோரும் வேறு இடத்தில் தேடினார்கள். ஓரிடத்தில் ஸ்கேனர் போட்டு, மூன்றாம் சிலிண்டரின் எரிபொருள் திருத்த அளவு மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று கண்டுபிடித்து, நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொன்னார்கள். லட்சத்தைத் தாண்டும் செலவு. கொடுத்துவிடலாம் என்று முக்கால் மனதோடு இருந்தேன். ஒத்தக்கடை அண்ணன்தான், "அளவு வரம்புக்குள் இருக்கிறது. தாளம் நொண்டவும் இல்லை. அடியில் இருப்பதையே நம்ப முடியாதபோது மேலே இருப்பதை எப்படிக் குற்றம் சொல்வது?" என்று தடுத்தார். ஓ.இ. மாட்டிய பிறகு அதே ஸ்கேனரில் மூன்றாம் சிலிண்டர் அதே அளவைத்தான் காட்டியது. காரோ சிக்னலில் நடுக்கமில்லாமல் நின்றது. மட்டமான மவுண்டிங் தான் கெடுவதோடு நிற்பதில்லை. மற்ற பாகங்களின் மேல் பழி போடவும் வைத்துவிடுகிறது. பழைய சொகுசுக் காரில் தவறான பழி ஒன்றே லட்சம் ரூபாய்.

ஓ.இ. வாங்குவதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. லெம்ஃபோர்டர், கோர்டெகோ போன்ற ஓ.இ. தயாரிப்பாளர்களின் பெயர்களுக்குப் போலிப் பெட்டியும் அச்சடிப்பார்கள் என்பதால் பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். பொருளை வெளியே எடுங்கள். கார் கம்பெனியின் முத்திரை இருந்த இடம் உலோகத்தில் அராவி எடுக்கப்பட்டிருந்தால், அது குறையல்ல. ஒரே வார்ப்பில் வந்த பொருள், முத்திரையோடு விற்கும் உரிமை இல்லாததால் அராவியிருக்கிறார்கள். ரப்பரில் சின்னக் கடிகார முகம் போல ஒரு வட்டம் இருக்கும். அம்பு மாதத்தைக் காட்டும், நடுவில் வருடம். ஓடாமல் அலமாரியில் கிடந்தாலும் ரப்பருக்கு வயது ஏறும். எனக்கு முதலில் வந்த ஜோடியில் ஒன்று மற்றதைவிட நான்கு வருடம் மூத்தது, திருப்பி அனுப்பினேன். இடம், வலம் இரண்டும் ஒன்றல்ல. மாடல் பெயரைச் சொல்லிக் கேட்காமல் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட் நம்பர் எடுத்தால்தான் சரியாக வரும். கியர்பாக்ஸ் மவுண்டிங்கையும் கையோடு மாற்றிவிடுங்கள், அது விலை குறைவு. கடைசி இறுக்கம், என்ஜினின் எடை மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்த பிறகுதான். அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு, புதிய பொருளிலேயே நடுக்கம் வரும்.

ஒரிஜினல் பெட்டியைப் பற்றி நான் அதிகம் பேச முடியாது. இந்தக் காரில் போட்டுப் பார்த்ததில்லை. திருநெல்வேலியில் இருக்கும் மைத்துனர் தன் காருக்கு அதைத்தான் போட்டார். மூன்று வருடமாக நிம்மதியாக ஓட்டுகிறார். என் ஓ.இ. ஜோடி இன்னும் அந்த வயதை எட்டவில்லை, ஒரு கோடையைத்தான் தாண்டியிருக்கிறது. வாரண்டியில் இருக்கும் கார் என்றால் யோசிக்காமல் ஒரிஜினல். வெளியே போய் வாரண்டிக்கு வம்பு தேட வேண்டாம். சில டீசல் கார்களில் மவுண்டிங் வாக்குவம் குழாயால் இயங்கும். ஐடிலிங்கில் இளகி, ஓடும்போது இறுகும். அப்படிப்பட்ட காருக்கு ஓ.இ.யில் அதே வகை கிடைக்காவிட்டால், சாதா வகையைப் பொருத்திச் சமாளிக்காமல் ஒரிஜினலுக்கே போவேன். அதற்கு முன்னால் அந்தக் குழாயைக் கையால் வளைத்துப் பார்ப்பேன். குழாய் வெடித்திருந்தால் மவுண்டிங்கே மாற்ற வேண்டியிராது.

விற்கும்போது இந்தச் செலவு திரும்புமா என்றால், பில்லைக் காட்டி யாரும் விலையை ஏற்றிவிடப் போவதில்லை. ஆனால் நம் ஊரில் பழைய கார் பார்க்க வருகிறவர்கள் பானெட்டைத் திறந்து என்ஜின் மூடியின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்திப் பார்ப்பார்கள். என் காரில் இப்போது நாணயம் நிற்கிறது. அது என்ஜின் சீராக ஓடுவதால் நிற்பது, மவுண்டிங்குக்கு அதில் பங்கு குறைவு என்று அண்ணன் சொல்கிறார். இருக்கட்டும். வருகிறவருக்கு அந்த வித்தியாசத்தை நான் விளக்கிக்கொண்டிருக்கப் போவதில்லை.

ஓ.இ. மாட்டி இரண்டாம் நாள், அதே காளவாசல் சிக்னல். கண்ணாடியில் பின்னால் நின்ற காரின் நம்பரைக் கடைசி இலக்கம் வரை படித்தேன். அந்த அமைதியில் வலது பக்க அடியிலிருந்து டிக், டிக் என்று புதிதாக ஒரு சத்தம் கேட்டது. இதுவரை மாவு மில்லுக்குள் அமுங்கிக் கிடந்திருக்க வேண்டும். போய்க் காட்டியபோது சைலன்சரின் வெப்பத் தகடு கழன்று ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கிளிப், இருபது ரூபாய், கூலி வாங்கவில்லை.