டிசம்பர் 27இல் வெளிவந்த கிறிஸ்துமஸ் ஆல்பம்

எங்கள் கிறிஸ்துமஸ் ஆல்பம் டிசம்பர் 27ஆம் தேதி வெளிவந்தது. தட்டச்சுப் பிழை இல்லை, 27தான். அதுவும் வேறொருவர் கணக்கில், வேறொருவரை உரிமையாளராகக் காட்டி, குரலெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல வந்தது. முழுப் பணத்தையும் கொடுத்து முடித்த பிறகு!

செய்தவரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆன்லைனில் பிடித்த ஒரு மியூசிக் புரோகிராமர், அதாவது பாட்டுக்கான பின்னணி இசையைக் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கித் தருபவர், அவ்வளவுதான். பெயரைச் சொன்னாலும் பெரிய பிரயோஜனம் இருக்காது. இதே வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் வேறு பெயர்களில் இருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

அப்பா வெகுகாலம் பாடகர் குழு நடத்தியவர். சொந்தமாக மூன்று கிறிஸ்துமஸ் பாட்டுக்கு மெட்டுப் போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒன்றுகூடப் பதிவானதில்லை. நுரையீரல் நோய் முற்றி, ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டரோடு வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், “இந்த வருஷமாவது அதை எடுத்துடலாமா?” என்று கேட்டார். எடுத்துவிடலாம் என்றேன். அவருடைய மூன்று, பழைய கேரல்கள் ஐந்து, ஆக எட்டுப் பாட்டு.

ஸ்டூடியோவுக்குப் போக வழியில்லை. அவரைத் தனியாக விட்டு நாலு மணி நேரம் நகர முடியாது. வீட்டிலேயே வாய்ஸ் எடுக்க வேண்டும், ஆனால் அந்த மெஷின் நிற்காது. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்தெடுக்க உள்ளே இரண்டு குழல்கள் மாறி மாறி வேலை செய்யும். அதனால் சில நொடிக்கு ஒருமுறை ‘டப்’ என்று ஒரு சத்தம், பின்னாலேயே ‘புஸ்ஸ்’. மருத்துவ உபகரணக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு நீளமான குழாய் போட்டு மெஷினை வீட்டின் அந்தக் கோடிக்குத் தள்ளினோம். துணி அலமாரிக்குள் தலையை விட்டு, பின்பக்கம் ரஜாய் தொங்கவிட்டு, நாலு விரல் இடைவெளியில் மைக்கை வைத்துப் பாடினேன். கண்டென்சர் மைக் பக்கத்து அறை மூச்சைக்கூடப் பிடித்துவிடும். அதை ஒதுக்கிவிட்டு, கிட்டச் சத்தத்தை மட்டும் பெரும்பாலும் பிடிக்கிற ஒரு டைனமிக் மைக்கை இரவல் வாங்கினேன். அப்படியும் மெல்லிய இடங்களில் ‘புஸ்ஸ்’ லேசாக விழுந்தது. செப்டம்பர் முடிவதற்குள் எல்லாம் எடுத்து முடித்துவிட்டேன்.

அப்பாவின் மூன்றாவது பாட்டில் இரண்டாம் சரணத்தை எடுக்கும்போது, அடுத்த அறையிலிருந்து அவர் பேஸ் வரியை, அதாவது கீழ்க்குரல் பகுதியை, தாமாகவே முனகியிருக்கிறார். எனக்கு அப்போது தெரியாது. ஹெட்ஃபோனில் திரும்பக் கேட்டபோது அடியில் இருந்தது. நாலு வரி, மூச்சு வாங்கி வாங்கி. சுருதி கொஞ்சமும் விலகவில்லை.

இனி அந்தப் புரோகிராமர் தம்பியின் கதை.

என் சூழ்நிலையை முதல் நாளே முழுசாகச் சொல்லிவிட்டேன். அது என் முதல் தப்பு. “கவலையே படாதீங்க அக்கா, அப்பா எனக்கும் அப்பா மாதிரி” என்றார். புரோகிராமிங், லைவ் வயலின், மிக்ஸிங் (எல்லா ஒலிகளையும் அளவாகக் கலப்பது), மாஸ்டரிங் (அதை வெளியீட்டுக்கு இறுதியாக மெருகேற்றுவது), எல்லாத் தளங்களிலும் வெளியீடு, 50 ஆயிரம் வியூஸுக்குப் புரொமோஷன், எல்லாம் ஒரே பேக்கேஜ். பாதிப் பணம் முன்னாடி. வயலினுக்குத் தனியாக ஒரு தொகை, அதுவும் முன்னாடி. எல்லாமே வாட்ஸ்ஆப் பேச்சு, அதிலும் பாதி வாய்ஸ் மெசேஜ். காகிதத்தில் ஒரு வரி இல்லை.

ஆரம்பத்திலேயே ஒன்று உறுத்தியது. பழைய கேரல்களில் எதை எடுக்கலாம் என்று பேசும்போது ‘தி லிட்டில் டிரம்மர் பாய்’ பாட ஆசையாக இருக்கிறது என்றேன். “அது பழைய நாட்டுப்பாட்டு அக்கா, ஃப்ரீ” என்றார். கேட்கவும் அப்படித்தான் இருக்கும். தேடிப் பார்த்தால் கேத்தரின் டேவிஸ் என்ற அம்மையார் 1941இல் எழுதியது, அவர் இறந்ததே 1980இல். படைத்தவர் இறந்து 70 ஆண்டு வரை பல நாடுகளில் உரிமை உண்டு. சில நாடுகளில் அது 50, 60. எப்படிக் கணக்குப் போட்டாலும் அந்தப் பாட்டு இலவசம் இல்லை, உரிமம் வாங்க வேண்டும். சொன்னேன். “எல்லாரும்தான் போடுறாங்க” என்று சிரித்தார். நான் அந்தப் பாட்டை விட்டேன். அந்த ஆளையும் அப்போதே விட்டிருக்கலாம்.

அதற்குப் பதில் ‘சைலண்ட் நைட்’ எடுத்தோம். பாதிரியார் ஜோசப் மோர் 1816இல் எழுதிய கவிதை, 1818இல் ஃபிரான்ஸ் குரூபர் மெட்டுப் போட்டு, அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவே ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃபில் கிதாரோடு பாடியது. ஆர்கன் கெட்டுப்போனதால்தான் கிதார் என்று ஒரு கதை உண்டு, அதை நான் நம்புவதில்லை. ஆனால் கையில் இருந்ததை வைத்துப் பாடினார்கள் என்பது அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மெட்டுக்கு உரிமைக்காலம் முடிந்திருக்கலாம். நீங்கள் பாடும் தமிழ் மொழிபெயர்ப்புக்கு முடிந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. யார் மொழிபெயர்த்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் முழுக்க “போயிட்டிருக்கு அக்கா”. நவம்பர் 10க்குள் எட்டும் தருவதாகப் பேச்சு. 10ஆம் தேதி வந்தவை இரண்டு. கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மெஷின் சத்தத்தை எடுக்கிறேன் என்று நாய்ஸ் ரிடக்ஷனை அவர் ஏற்றி வைத்ததில் ‘ச’, ‘ஸ’ எல்லாம் கரைந்துபோயிருந்தது. சொற்களுக்கு நுனியே இல்லை. அப்பாவின் முனகலைக் காணோம். அதை அப்படியே விடுங்கள் என்று மூன்று முறை எழுதிச் சொல்லியிருந்தேன். “ஓ, அதுவா? பேக்ரவுண்ட் நாய்ஸ்னு நெனச்சேன்” என்று பதில் வந்தது.

கிறிஸ்துமஸ் ஆல்பம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வேறு எந்த ஆல்பமாக இருந்தாலும் ‘பரவாயில்லை, அடுத்த மாதம்’ என்று சொல்லிவிடலாம். இதற்கு அடுத்த மாதம் கிடையாது, அடுத்த வருடம்தான். என் அப்பா விஷயத்தில் அடுத்த வருடம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூட மாட்டோம். அது அந்தத் தம்பிக்கு நன்றாகத் தெரியும். டிசம்பர் 3ஆம் தேதி மெசேஜ் வந்தது: மீதிப் பணம் முழுவதும் வந்தால்தான் அப்லோடு. மிக்ஸ் திருத்தமெல்லாம் அப்புறம், முதலில் தேதியைப் பிடிப்போம். கொடுத்துவிட்டேன். அதற்கு அப்புறம் எட்டு நாள் போனே எடுக்கவில்லை.

தேதி விஷயத்தில் எனக்கே தெரியாத ஒன்றும் இருந்தது. ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட் ஆசிரியர்கள் பார்வைக்கு ஒரு பாட்டை வைக்க வேண்டுமென்றால் அது வெளிவருவதற்கு முன்பே வைக்க வேண்டும், குறைந்தது 7 நாள் முன்னதாக. வெளிவந்த பிறகு வைக்க முடியாது. பாட்டை ஸ்பாட்டிஃபை போன்றவற்றுக்கு அனுப்பித் தரும் விநியோகத் தளங்களோ வெளியீட்டுத் தேதிக்கு முன் மூன்று நாலு வாரம் அவகாசம் வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. அப்படியானால் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு மாஸ்டர், அதாவது முடிந்த இறுதிக் கோப்பு, நவம்பர் தொடக்கத்திலேயே கையில் இருக்க வேண்டும். “டிசம்பர் 20க்குக் கொடுத்தாலும் 24க்கு லைவ்” என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் உங்களைச் சமாளிக்கிறார்.

கோப்பு விஷயம். அதுவரை அவர் அனுப்பியதெல்லாம் எம்பி3. நாலு நிமிடப் பாட்டு 4 எம்பிகூட இல்லை. வேவ், அதாவது சுருக்காத முழு ஒலிக்கோப்பு, வேண்டும் என்று நச்சரித்ததும் அனுப்பினார். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட 70 எம்பி. அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் காதில் அதே சத்தம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு, அதாவது எந்தெந்த அதிர்வெண்ணில் சத்தம் இருக்கிறது என்று காட்டும் படத்துக்கு, மாற்றிப் பார்த்தேன். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை, கத்தரியால் நேராக வெட்டினாற்போல. அதே எம்பி3யை வேவாக ஊதிப் பெருக்கி அனுப்பியிருக்கிறார். தரம் குறைந்த எம்பி3 மேல் அதிர்வெண்களை வெட்டிவிடும். வெட்டியது திரும்பி வராது. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. பணம் கொடுப்பதற்கு முன்பு செய்திருக்க வேண்டியது, கொடுத்த பிறகு செய்தேன்.

டிசம்பர் 23. ஆல்பம் வரவில்லை. அப்பாவுக்காவது கேட்கட்டும், தெரிந்தவர்களுக்கும் அனுப்பலாம் என்று கையில் இருந்த எம்பி3யோடு வரிகளைச் சேர்த்து என் யூடியூப் சேனலில் ஒரு பாட்டை ஏற்றினேன். ஒரு மணி நேரத்தில் கன்டென்ட் ஐடி (ஏற்றிய பாட்டைப் பதிவான பாட்டுகளோடு தானாக ஒப்பிடும் யூடியூப் ஏற்பாடு) மூலம் ஓர் உரிமைக் கோரல் வந்து நின்றது. அப்பா மெட்டுப் போட்ட பாட்டுக்கு! கோரியவர் யாரோ ஒரு வெளிநாட்டுப் பாடகர். அவருடைய பாட்டைத் திறந்து கேட்டேன். காதல் பாட்டு. முப்பதாவது நொடியில் என் ‘லைவ் வயலின்’ வந்தது. அதே நாலு தாளச் சுற்று, அதே இழுப்பு, கடைசியில் வில்லை எடுக்கும்போது வரும் அந்தச் சின்னக் கீச்சுகூட அப்படியே.

கடையில் கிடைக்கும் சாம்பிள் பேக்கிலிருந்து (முன்பே பதிவு செய்த இசைத் துணுக்குகளின் தொகுப்பு) எடுத்த லூப், அதாவது திரும்பத் திரும்ப ஒட்டிக்கொள்ளும் துணுக்கு. லூப் பயன்படுத்துவது குற்றமில்லை, நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதன் உரிமம் வாங்குகிற எல்லாருக்கும் பொது. அப்படிப்பட்ட லூப் இருக்கும் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் சேர்க்கக்கூடாது என்று யூடியூப் விதியே இருக்கிறது. அந்த வெளிநாட்டுக்காரர் அதை மீறியிருக்கிறார், அதில் நான் மாட்டினேன். வாசிக்காத வயலினுக்குத் தனியாகப் பணம் வாங்கியதுதான் மோசடி. லைவ் வாத்தியத்துக்குப் பணம் கொடுக்கிறீர்களா? வாசிக்கிறவர் வாசிக்கும்போது எடுத்த வீடியோ ஒன்றையும், அந்த வாத்தியத்தின் தனி டிராக்கையும் கேளுங்கள். நிஜமாக வாசித்தவர் சந்தோஷமாக அனுப்புவார்.

27ஆம் தேதி ஆல்பம் வந்தபோது கடைசி வரியைப் பார்த்தேன். வட்டத்துக்குள் ‘பி’ போட்டிருக்கும் இடத்தில், அதாவது ஒலிப்பதிவு உரிமையாளர் என்ற இடத்தில், அவருடைய லேபிள் பெயர். இசையமைப்பாளர் என்ற இடத்திலும் அவர் பெயர், அப்பாவின் மூன்று பாட்டுக்கும் சேர்த்து. ஏற்றியது அவர் கணக்கிலிருந்து என்பதால் என்னால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்து அடையாளம் உண்டு. பணமெல்லாம் அதைப் பிடித்துத்தான் போகும். அதைக் கேட்டதற்கு “அது டெக்னிக்கல் அக்கா, உங்களுக்குப் புரியாது” என்றார்.

புரொமோஷனையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பாட்டின் எண்ணிக்கை ஒரே இரவில் 11 ஆயிரத்துக்குத் தாவியது, மற்ற ஏழும் ஆயிரத்தைத் தொடவில்லை. மனிதர் யாரும் கேட்கவில்லை, ‘பாட்’ (bot) என்கிற தானியங்கி நிரல் வேலை. சில நாளில் எண்ணிக்கை இறங்கியும் விட்டது. ஸ்பாட்டிஃபை 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்குப் பணம் தருவதில்லை. செயற்கையாக ஏற்றிய பாட்டுகளுக்காக விநியோகஸ்தரிடம் அபராதமும் வாங்குகிறது. வியூஸ் வாங்கித் தருகிறேன் என்பவர் உங்கள் பாட்டுக்குக் குழி தோண்டுகிறார்.

மீட்டது எப்படி என்றால், ஒரே ஒரு விஷயத்தால். நான் எடுத்த மூலக் கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்தேன், தேதியோடு. அவற்றையும், அப்பாவின் நோட்டுப் பக்கங்களின் படங்களையும், வாட்ஸ்ஆப் பேச்சையும் சேர்த்து விநியோகத் தளத்துக்குப் புகார் அனுப்பினேன். மூன்று வாரம் இழுத்து ஆல்பத்தை எடுத்தார்கள். கொடுத்த பணம் திரும்பி வரவில்லை, அதற்கான புகார் இன்னும் நடக்கிறது. அந்தத் தம்பி செஷன் கோப்பையோ (பாட்டைத் திரும்பத் திறந்து திருத்த உதவும் வேலைக் கோப்பு) தனித்தனி டிராக்குகளையோ கடைசிவரை தரவே இல்லை. அதனால் இசை முழுவதையும் புதிதாகத்தான் செய்ய வேண்டியிருந்தது. அப்பாவிடம் முன்பு பாடிய ஒருவர் உட்கார்ந்து செய்கிறார். வெறும் கீபோர்டும் கிதாரும்தான். ஒவ்வொரு பாட்டும் முடிந்த அன்றே எல்லா டிராக்கையும் எனக்கு அனுப்பிவிடுகிறார். கணக்கு என் பெயரில். இசை: அப்பா பெயர். மெஷின் சத்தத்தை முழுவதும் எடுக்க வேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். இரண்டாம் சரணத்தில் அவர் குரல் இருக்கிறது.

போன வாரம் அந்தத் தம்பியிடமிருந்து ஒரு மெசேஜ். புகாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாருக்கும் அனுப்பியதில் எனக்கும் வந்திருக்கும் போலிருக்கிறது: “ஈஸ்டருக்கு ஆல்பம் பிளான் இருக்கா? இப்பவே புக் பண்ணா லைவ் வயலின் ஃப்ரீ.”