குளோபல் டேட்டா லேப்: சராசரிக்குள் எட்டிப் பார்க்க ஓர் இணையதளம்

மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் நடத்துகிறவன் நான். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 1990 முதல் வெளியிட்டுவரும் மனித மேம்பாட்டுக் குறியீட்டை (ஒரு நாட்டின் ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் 0 முதல் 1 வரையிலான ஒரே எண்ணாகச் சுருக்குவது) கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எரிச்சல் வரும். நைஜீரியாவுக்கு ஒரே எண். லாகோஸில் பிறக்கும் குழந்தைக்கும், வடமேற்கே சொக்கோட்டோவில் பிறக்கும் குழந்தைக்கும் அதே எண்தான்.

இந்த எரிச்சலுக்கு மருந்தாகக் கிடைத்தது குளோபல் டேட்டா லேப். நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தில் நடக்கும் இந்த இணையதளம், 160-க்கும் மேற்பட்ட நாடுகளை மாநிலம், மாகாணம் எனப் பிரித்து, அதே குறியீட்டையும் அதன் பகுதிகளான ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் 1990 தொடங்கி வட்டார வாரியாகத் தருகிறது. அட்டவணையைத் தரவிறக்கிக்கொள்ளலாம். குறியீட்டு வரிசையில் இத்தாலியின் வடபகுதி மேலே, தென்பகுதி கீழே. மெக்சிகோவில் தலைநகர் மேலே, சியாபஸ் மாநிலம் கீழே. இந்தியாவில் கேரளமும் பீகாரும். கேள்விப்பட்டதுதானே என்பீர்கள். இடைவெளி எண்ணாகக் கண்முன் நிற்கும்போது வகுப்பில் எழும் கேள்விகளே வேறு.

வருமானம் வரும் வழிதான் சுவாரசியமானது. பல ஏழை நாடுகளில் மாகாண வாரியான வருமானக் கணக்கே கிடையாது. அதனால் வீட்டைப் பார்த்து வருமானத்தை மதிப்பிடுகிறார்கள். தரை மண்ணா சிமென்டா, கழிப்பறை எப்படிப்பட்டது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மின்சாரம் உண்டா, படுக்க எத்தனை அறை, பிறகு டி.வி., குளிர்சாதனப் பெட்டி, போன், சைக்கிள், கார் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்று கேட்டால் யார்தான் உள்ளதை உள்ளபடி சொல்கிறார்கள்? தரையையும் கூரையடி விளக்கையும் கணக்கெடுப்பவர் தாமே பார்த்துக்கொள்ளலாம். கெட்டிக்கார ஏற்பாடு.

ஆனால் அந்தப் பட்டியலில் ஆடுமாடு இல்லை. கென்யாவின் துர்கானாவில் மந்தை மந்தையாக ஆடும் ஒட்டகமும் வைத்திருக்கும் மேய்ச்சல்காரர், மண்தரைக் குடிசையில் இருப்பதாலேயே பரம ஏழையாகப் பதிவாகிவிடுவார். போனுக்கும் எல்லா ஆண்டுகளிலும் ஒரே மதிப்பெண். 1990-களில் போன் வைத்திருந்தவரும் இன்று வைத்திருப்பவரும் ஒரே தட்டில்.

இன்னொரு மனக்குறை, தசமத்தின் மீதான மோகம். வீட்டுக் கணக்கெடுப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கும். இடைப்பட்ட ஆண்டுகளைக் கணித்து நிரப்புகிறார்கள். வளரும் நாடுகள் பலவற்றுக்கு ஆயுட்காலமே குழந்தை இறப்பு விகிதத்திலிருந்து பெறப்பட்ட மதிப்பீடு. இத்தனைக்கும் பிறகு எண் மூன்று தசமம் வரை நீள்கிறது. பக்கத்துப் பக்கத்து மாகாணங்களில் எது முந்தியது என்று மூன்றாம் தசமத்தை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

முதியோர் ஓய்வூதியம் எங்கே ஒழுங்காகக் கிடைக்கிறது, அரசு மருத்துவமனையில் மருந்து இருக்கிறதா என்பதையெல்லாம் இந்தக் குறியீட்டில் தேட வேண்டாம். வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பது தெரியும். எந்தத் திட்டத்தால் அப்படி ஆனது என்பது தெரியாது. ஒரே மாநகரத்தின் குடிசைப் பகுதியும் மாளிகைத் தெருவும் இங்கேயும் ஒரே எண்ணில் அடங்கிவிடுகின்றன.

ஆனாலும் ஆசிரியர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் தயங்காமல் சொல்வேன், பயன்படுத்துங்கள். மொத்தக் குறியீட்டோடு நிற்காமல் மூன்று பகுதிகளையும் தனித்தனியே திறந்து பாருங்கள். இரண்டு மாகாணங்கள் வருமானத்தில் பக்கத்தில் நின்று, பள்ளிப்படிப்பில் எட்ட நிற்பது அங்கேதான் தெரியவரும்.